சான்றிதழில் ஒரு பெயர், சபையில் ஒரு பெயர்



கல்லூரியில் படிக்கும் வாலிபப் பிள்ளைகள் கர்த்தருக்காக எப்படி வாழவேண்டும் என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சினிமா, செல்போன், காதல் ஆகிய மூன்றைப் பற்றியே எழுதுகிறார்கள். அவை தேவையான எச்சரிப்புகள்தான். ஆனால் கோலார் தங்கவயலில் ஊழியம் செய்கிற என்னிடத்தில் வாலிபப் பிள்ளைகள் தனியே வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, தாழ்ந்த குரலில் கேட்கும் முதல் கேள்வி இவற்றில் எதுவும் அல்ல. "பாஸ்டர், நான் ஞானஸ்நானம் எடுத்தால் என் ஜாதிச் சான்றிதழ் என்ன ஆகும்?" என்பதே அந்தக் கேள்வி. பிரசங்க மேடையில் நாம் தொடாத கேள்வி இது. வீட்டில் தாயும் தகப்பனும் பேசத் தயங்கும் கேள்வி. ஒரு மாணவனுடைய விசுவாசமும் அவனுடைய படிப்பும் நேருக்கு நேர் மோதும் இடம் இதுவாகவே இருப்பதால், இம்மாதம் இதைக் குறித்து எழுத ஆவியானவர் ஏவினார்.

இரண்டு பெயர்கள் வந்த வழி

எங்கள் ஊரை அறியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். 1880-ஆம் ஆண்டு ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கே சுரங்கப் பணியைத் தொடங்கினார்கள். பாறையை உடைக்கவும், தோண்டவும், சுமக்கவும் வேண்டிய கைகள் வட ஆற்காடு, சேலம் முதலான தமிழ் மாவட்டங்களிலிருந்து வந்தன. வந்தவர்களில் பெரும்பாலோர் சொந்த ஊரில் சேரியில் வாழ்ந்தவர்கள். நிலமில்லாமல், பண்ணையாரின் தயவில் பிழைத்தவர்கள். சுரங்கத்தின் ஆபத்து அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. ஆனாலும் மாதம் பிறந்தால் கையில் கூலி வந்தது, ஊரில் கிடைக்காத ஓர் அந்தஸ்தும் கூடவே வந்தது. 1902-இல் சிவசமுத்திரத்து நீர்வீழ்ச்சியிலிருந்து இங்கே மின்சாரம் வந்தபோது, இந்தியாவின் எத்தனையோ பட்டணங்கள் இன்னும் எண்ணெய் விளக்கில் இருந்தன.

என் பாட்டனாரும் அப்படி வட ஆற்காட்டிலிருந்து வந்தவரே. என் தகப்பனார் சாம்பியன் ரீப் சுரங்கத்தில் வேலை செய்தார். சுரங்கத்தின் வருகைப் பதிவேட்டில் அவருக்கு ஊர்த் தெய்வத்தின் பெயர். சபையின் பதிவேட்டில் அப்போஸ்தலன் ஒருவருடைய பெயர். கூலி வாங்கும்போது ஒரு பெயருக்கு "ஆஜர்" என்பார். ஜெபிக்க அழைக்கும்போது மற்றொரு பெயருக்கு எழுந்து நிற்பார். எங்கள் லைன் வீடுகளில் இது யாருக்கும் வினோதமாகத் தோன்றவில்லை. பூமிக்குக் கீழே ஒரு பெயர், மேலே ஒரு பெயர் என்று பெரியவர்கள் வேடிக்கையாகச் சொல்வார்கள். அந்த இரண்டு பெயர்களால் யாருக்கும் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. அவருக்கு வேலை கொடுத்தது அவருடைய கைகளே.

2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கங்கள் மூடப்பட்டன. 120 ஆண்டுகளுக்கு மேலாக ஊரை எழுப்பிய சங்கு நின்றது. மறுநாள் முதல் எங்கள் பிள்ளைகளுக்கு இருந்த வழிகள் இரண்டே. ஒன்று பெங்களூர் ரயில், மற்றொன்று படிப்பு. பெரும்பாலோருக்கு இரண்டும் ஒன்றே. விடியுமுன்னே மாரிக்குப்பம், சாம்பியன், உரிகம், கோரமண்டல் நிலையங்களில் ஏறி, பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூர் போய், இருட்டிய பின் வீடு திரும்புகிறார்கள். வேலைக்குப் போகிறவர்களும் கல்லூரிக்குப் போகிறவர்களும் ஒரே பெட்டியில் நெருக்கிக்கொண்டு நிற்கிறார்கள். இந்தப் படிப்புக்குக் கட்டணம் உண்டு. கட்டணத்துக்குச் சலுகை உண்டு. சலுகைக்கு நாடகச்சேரியில் வாங்கும் சான்றிதழ் வேண்டும். அந்தச் சான்றிதழுக்குப் பின்னே ஒரு சட்டம் நிற்கிறது. தகப்பனார் காலத்தில் வேடிக்கையாக இருந்த இரண்டு பெயர்கள், பிள்ளைகளின் காலத்தில் மனச்சாட்சியின் பாரமாகிவிட்டன.

சட்டம் சொல்வது என்ன?

1950-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10-ஆம் தேதி குடியரசுத் தலைவர் வெளியிட்ட ஆணையின்படி, இந்து மதத்தைத் தவிர வேறொரு மதத்தைப் பின்பற்றுகிறவர் பட்டியல் சாதியினராகக் கருதப்படமாட்டார். பின்னர் 1956-இல் சீக்கியர்களும், 1990-இல் பௌத்தர்களும் அதில் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்களும் இஸ்லாமியர்களும் சேர்க்கப்படவில்லை.

இது நியாயந்தானா என்று நீதிமன்றத்தில் கேட்டவர்களில் ஒருவர் சென்னைத் தெருவோரத்தில் செருப்புத் தைத்த ஓர் ஏழை. செருப்புத் தைப்பவர்களுக்கு அரசு இலவசமாகக் கடைப்பெட்டி கொடுத்தபோது, அவர் ஆதிதிராவிடராய்ப் பிறந்திருந்தும் கிறிஸ்தவர் என்பதால் அவருக்குக் கொடுக்கப்படவில்லை. சூசை வழக்கு என்று சட்ட நூல்களில் பெயர்பெற்ற அந்த வழக்கில் 1985-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மதம் மாறிய பிறகும் அதே கொடுமை அதே அளவில் தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் நீதிமன்றத்தின் முன் வைக்கப்படவில்லை என்று மனு தள்ளுபடியாயிற்று. 2004 முதல் மீண்டும் மனுக்கள் தொடரப்பட்டன. 2007-இல் நீதிபதி ரங்கநாத் மிஸ்ரா தலைமையிலான ஆணையம், பட்டியல் சாதித் தகுதியை மதத்தோடு இணைக்கவேண்டாம் என்று பரிந்துரைத்தது. 2022 அக்டோபரில் மத்திய அரசு நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மற்றொரு ஆணையத்தை நியமித்தது. 2024 நவம்பரில், புதுச்சேரியைச் சேர்ந்த ஒருவரின் வழக்கில், ஞானஸ்நானம் பெற்று ஆலயத்துக்குச் சென்றுகொண்டே, சலுகைக்காக மட்டும் தன்னை இந்து என்று சொல்வது அரசியலமைப்பின்மேல் செய்யும் மோசடி என்று உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கூறியது.

இந்தச் சட்டம் நியாயமற்றது என்பதே என் எண்ணம். ஞானஸ்நானத் தண்ணீர் பாவத்தைக் கழுவியதற்குச் சாட்சியாயிருக்கிறது; ஊரார் கண்ணில் ஒட்டியிருக்கிற சாதியை அது கழுவுவதில்லை. கிறிஸ்தவர்களுக்குள்ளேயே தனிக் கல்லறையும் தனி வரிசையும் இருந்த ஊர்கள் நம் தமிழ்நாட்டில் உண்டு என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்ளவேண்டும். வாடகை வீடு கேட்கும்போதும், விடுதியில் சோறு உண்ணும்போதும், ஒருவனுடைய பைபிளைப் பார்த்து யாரும் அவன் சாதியை மறந்துவிடுவதில்லை. ஆகையால் சட்டத்தை மாற்றக் கேட்பது அவிசுவாசம் அல்ல. அப்போஸ்தலனாகிய பவுல் சவுக்கடிக்கு முன்பாகத் தன் ரோமக் குடியுரிமையை எடுத்துச் சொன்னார் (அப்போஸ்தலர் 22:25). உரிமையைக் கேட்கிற விசுவாசியை ஆவிக்குரியவன் அல்ல என்று யாரும் சொல்லக்கூடாது.

ஆனாலும் சட்டம் மாறும்வரை, நம் பிள்ளைகள் இந்தச் சட்டத்தின் கீழேயே கல்லூரிக்குப் போகவேண்டும்.

ஒரு சகோதரியின் கேள்வி

சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் சபையின் வாலிப சகோதரி ஒருத்தி ஞானஸ்நான ஆயத்த வகுப்புக்கு வந்தாள். அவளுடைய அனுமதியோடு, பெயரில்லாமல் இதை எழுதுகிறேன். பெங்களூரில் பி.காம். இரண்டாம் ஆண்டு. நான்கு மணிக்கு எழுந்து ரயில் பிடிக்கிறவள். தாயார் விசுவாசி, தகப்பனார் கட்டிடங்களுக்கு வர்ணம் பூசும் தொழிலாளி, இரட்சிக்கப்படாதவர். அவளுடைய சான்றிதழில் ஆதிதிராவிடர், இந்து என்று இருந்தது. அதன்மேல்தான் அவளுடைய கல்விக் கட்டணமும் உதவித்தொகையும் நின்றன.

அவள் கேட்டாள்: "பாஸ்டர், ஞானஸ்நானம் எடுத்த பிறகு அந்தச் சான்றிதழைக் காட்டினால் நான் பொய் சொல்கிறவள். காட்டாவிட்டால் என் படிப்பு நின்றுவிடும். நான் எதை விடவேண்டும்?"

அவளுக்கு முன்பே சிலர் ஆலோசனை சொல்லியிருந்தார்கள். "பதிவேட்டில் எழுதாமல் ஞானஸ்நானம் கொடுக்கும் ஊழியர்கள் இருக்கிறார்கள், அங்கே போ" என்றார் ஒருவர். "படிப்பு முடிந்து, அரசாங்க வேலையும் கிடைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றார் மற்றொருவர். "கர்த்தருக்காக எல்லாவற்றையும் விட்டுவிடு, அவர் பார்த்துக்கொள்வார்" என்று மூன்றாமவர் சொன்னார். முதலாவது ஆலோசனை ஞானஸ்நானத்தைக் களவாக்குகிறது. பார்க்கச் சாட்சிகள் இருந்தும் எழுத ஒரு வரி இல்லாத ஞானஸ்நானத்தை நான் கொடுக்கமாட்டேன் என்று அவளிடம் சொன்னேன். இரண்டாவது ஆலோசனை கர்த்தரைப் பணி ஓய்வுக்கால ஏற்பாடாக ஆக்குகிறது. மூன்றாவது ஆலோசனை கேட்பதற்குப் பரிசுத்தமாக இருக்கிறது. ஆனால் அதைச் சொன்னவருடைய சட்டைப் பையிலிருந்து ஒரு ரூபாயும் வெளியே வரவில்லை. குளிரில் நிற்கிறவனைப் பார்த்து, சமாதானமாய்ப் போய்க் குளிர்காய் என்று சொல்லி அனுப்புகிறவர்களைக் குறித்து யாக்கோபு எழுதியதை நாம் அறிவோம் (யாக்கோபு 2:15,16).

பெயர் தீட்டுப்படுத்துமா?

வேதத்தில் இதற்கு ஒரு மாணவனுடைய சரித்திரமே இருக்கிறது. தானியேலும் அவனுடைய மூன்று தோழரும் பாபிலோனில் மூன்று வருஷம் படிக்கத் தெரிந்துகொள்ளப்பட்டவர்கள். படிப்பு கல்தேயருடைய எழுத்தும் பாஷையும். கட்டணம் ராஜாவுடையது. சேர்க்கும்போதே அவர்களுடைய பெயர்கள் மாற்றப்பட்டன. தானியேலுக்கு இடப்பட்ட பெல்தெஷாத்சார் என்னும் பெயர் தன் தேவனுடைய நாமத்தின்படி இடப்பட்டது என்று நேபுகாத்நேச்சாரே பின்பு சொல்லுகிறான் (தானியேல் 4:8). தானியேல் அந்தப் பெயரை எதிர்த்துப் போராடியதாக வேதம் சொல்லவில்லை. கல்தேய நூல்களைப் படிக்கமாட்டேன் என்றும் அவன் சொல்லவில்லை. அந்தப் படிப்பில் தேவனே அவர்களுக்கு அறிவைத் தந்தார் என்றுதான் எழுதியிருக்கிறது (1:17). போஜனத்தில் மட்டும் அவன் ஒரு கோடு போட்டான். அதையும் சண்டையிட்டுப் போடவில்லை. பிரதானிகளின் தலைவனிடத்தில் வேண்டிக்கொண்டான், பத்து நாள் சோதித்துப் பார்க்கும்படி விசாரணைக்காரனைக் கேட்டான்.

புதிய ஏற்பாட்டிலும் அப்படியே. அப்பொல்லோ என்பது கிரேக்கரின் அப்பல்லோ தெய்வத்தின் பெயரிலிருந்து வந்தது. பவுலின் உடன்வேலையாளாகிய எப்பாப்பிரோதீத்துவின் பெயர் அப்ரோடைட் என்னும் தேவதையோடு தொடர்புடையது. கெங்கிரேயா சபையின் ஊழியக்காரியாகிய பெபேயாளின் பெயரும் புராணப் பெயரே. இவர்களில் ஒருவருடைய பெயரையும் அப்போஸ்தலர்கள் மாற்றச் சொன்னதாகக் காணோம். ஆகையால் சான்றிதழில் முருகேசன் என்றும் லட்சுமி என்றும் பெயர் இருப்பதால் ஒரு மாணவன் குற்றவாளியாக உணரவேண்டியதில்லை. ஞானஸ்நானம் எடுத்தவர் பெயரை மாற்றியே தீரவேண்டும் என்று வேதமும் சொல்லவில்லை, சட்டமும் சொல்லவில்லை. பெற்றோர் வைத்த பெயரோடேயே பரலோகம் போகலாம்.

ஆனால் மதம் என்ற கட்டம் பெயரைப் போன்றதல்ல. பெயர் பிறர் எனக்கு வைத்தது. அந்தக் கட்டத்தில் எழுதுவதோ நானே என்னைக் குறித்துச் சொல்லும் வாக்குமூலம். கீழே என் கையெழுத்து இருக்கிறது. அனனியாவும் சப்பீராளும் நிலத்தின் பணத்தை வைத்துக்கொண்டதற்காக நியாயந்தீர்க்கப்படவில்லை. அது அவர்களுடைய வசத்தில்தான் இருந்தது என்று பேதுருவே சொல்லுகிறார் (அப்போஸ்தலர் 5:4). வைத்துக்கொண்டே, எல்லாவற்றையும் கொடுத்துவிட்டோம் என்றதுதான் அவர்களை வீழ்த்தியது.

"எஸ்தர் தன் குலத்தை வெளிப்படுத்தாமல் இருந்தாளே, பாஸ்டர்?" என்று அந்தச் சகோதரி கேட்டாள். நல்ல கேள்வி. வேதத்தை வாசிக்கிற பிள்ளைகள்தான் இப்படிக் கேட்பார்கள். எஸ்தர் மௌனமாயிருந்தாள், தான் யூதப் பெண் அல்ல என்று கையெழுத்திடவில்லை. அந்த மௌனத்துக்கும் ஒரு கடைசி நாள் வந்தது. அந்த நாளில் மௌனமாயிருந்தால் என்ன ஆகும் என்று மொர்தெகாய் அவளுக்குச் சொல்லி அனுப்ப வேண்டியிருந்தது (எஸ்தர் 4:14). எல்லாரிடத்திலும் எல்லாவற்றையும் சொல்லவேண்டும் என்று கர்த்தர் மாணவர்களிடம் கேட்பதில்லை. கேட்கப்படும்போது மறுதலியாதிருக்கக் கேட்கிறார்.

இதோடு இன்னொன்றையும் சொல்லாவிட்டால் நான் பாதியே சொன்னவனாவேன். சீரியாவின் படைத்தலைவனாகிய நாகமான், தன் எஜமான் கையில் சாய்ந்துகொண்டு ரிம்மோன் கோவிலில் பணியும்போது தானும் குனியவேண்டியிருக்கும், அதைக் கர்த்தர் மன்னிப்பாராக என்று எலிசாவிடம் சொன்னபோது, தீர்க்கதரிசி அவனைத் திட்டவில்லை. சமாதானத்தோடே போ என்றார் (2 இராஜாக்கள் 5:18,19). இரண்டு பெயர்களோடு வாழுகிற விசுவாசிகள் எங்கள் சபையிலும் இருக்கிறார்கள். நான்கு பிள்ளைகளைக் காப்பாற்றவேண்டிய தாய்மாரும் அவர்களில் உண்டு. அவர்களை நோக்கி நான் கல்லெடுப்பதில்லை. சத்தியத்தை மறைக்காமல் சொல்லுகிறேன், அவர்களுக்காக ஜெபிக்கிறேன், அவர்கள் வீட்டுக்குப் போகிறேன்.

தகப்பனாரின் கோபம்

அந்தச் சகோதரி முதலில் தன் தகப்பனாரிடம் பேசவேண்டும் என்று நான் சொன்னேன். அவர் கோபத்தோடு என் வீட்டுக்கே வந்தார். "எங்கள் பாட்டன் பூட்டன் பட்ட அவமானத்துக்கு அம்பேத்கர் வாங்கிக் கொடுத்த உரிமை இது. யாரும் போட்ட பிச்சை இல்லை. அதை விட்டுவிடச் சொல்ல நீங்கள் யார்?" என்று கேட்டார். அவர் பேசியதில் நியாயம் இருந்தது. அதை நான் மறுக்கவில்லை. "நான் விடச் சொல்லவில்லை ஐயா. இரண்டையும் பிடித்துக்கொண்டு பொய் சொல்லாதே என்று மட்டும் சொன்னேன். ஞானஸ்நானம் எடுப்பதும் எடுக்காததும் அவளுடைய தீர்மானம். அவசரமும் இல்லை" என்றேன். அவர் காப்பி குடிக்காமலே எழுந்து போனார்.

பல மாதங்கள் அவள் காத்திருந்தாள். வகுப்புக்கு வந்தாள், ஜெபித்தாள், படித்தாள். மூன்றாம் ஆண்டு தொடங்கியபோது உதவித்தொகைக்கு அவள் மறுபடியும் விண்ணப்பிக்கவில்லை. அதன்பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம் எடுத்தாள். தகப்பனார் உள்ளே வரவில்லை. ஆனாலும் தொட்டிக்கு வெளியே, கையில் துண்டோடு நின்றிருந்தார். இன்றுவரை அவர் ஆராதனைக்கு வந்ததில்லை, அவருக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.

சபை செலுத்தவேண்டிய பங்கு

அந்த ஆண்டின் கட்டணம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லவேண்டும். இந்தக் கட்டுரையில் பெற்றோரும் ஊழியர்களும் கவனிக்கவேண்டிய பகுதி இதுவே. எங்கள் சபை ஏழைச் சபை. கூலி வேலைக்குப் போகிறவர்களும், பெங்களூரில் வீட்டு வேலை, காவல் வேலை செய்கிறவர்களுமே அதிகம். ஆனாலும் மூப்பர்கள் கூடிப் பேசினோம். "உண்மையாயிரு என்று பிள்ளைக்குச் சொல்லுகிற நாம், அந்த உண்மையின் விலையை அவள் தலையில் மட்டும் வைக்கலாமா?" என்று ஒரு மூத்த சகோதரர் கேட்டார். அவர் சுரங்கத்தில் கால் முறிந்தவர். பாறை சரிந்தபோது தன்னைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் முதலில் சாதி கேட்கவில்லை, பெயர் கேட்கவில்லை என்று சொன்னார். அன்றே படிப்புக்கென்று தனியாக ஒரு காணிக்கைப் பெட்டி வைத்தோம். ஒரு ரயில் சீசன் டிக்கெட்டின் தொகையை ஒரு குடும்பம் ஏற்றது. தேர்வுக் கட்டணத்தை இன்னொரு குடும்பம் ஏற்றது. பெங்களூருக்குக் குடிபெயர்ந்த எங்கள் பழைய விசுவாசிகள் கல்விக் கட்டணத்தில் பெரும்பகுதியை அனுப்பினார்கள். அந்தச் சகோதரியும் சும்மா வாங்கிக்கொள்ளவில்லை. சனிக்கிழமைகளில் சபைப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தாள். இன்று பெங்களூரில் ஒரு கணக்கு அலுவலகத்தில் வேலை செய்கிறாள். மாதந்தோறும் அந்தப் பெட்டிக்கு அவளுடைய காணிக்கை வருகிறது. இப்பொழுது வேறு பிள்ளைகள் அதனால் படிக்கிறார்கள்.

ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கும்படி பவுல் கலாத்தியருக்கு எழுதியதை (6:2) நாம் வியாதிக்கும் மரணத்துக்கும் மட்டுமே பயன்படுத்துகிறோம். கல்விக் கட்டணமும் பாரமே. ஊழியர்களுக்கு என் தாழ்மையான வேண்டுகோள்: ஒரு மாணவனுக்கு ஞானஸ்நானம் கொடுக்குமுன், அதனால் சட்டப்படி அவன் எதை இழக்கிறான் என்று அவனுக்குத் தெளிவாகச் சொல்லுங்கள். சிறுபான்மையினருக்கும் பிற்படுத்தப்பட்டோருக்கும் உரிய உதவித்தொகை, கல்விக்கடன் திட்டங்களில் எவற்றுக்கு அவன் உண்மையாகவே தகுதியுள்ளவன் என்று அலுவலகத்தில் விசாரித்து உதவுங்கள். விதிகள் மாறுவதால் ஒவ்வொரு ஆண்டும் விசாரிக்கவேண்டும். மீதிப் பாரத்தில் சபை எவ்வளவு சுமக்கும் என்பதையும் முன்னமே பேசுங்கள்.

கல்லூரி வாசலுக்குள்

சான்றிதழில் உண்மையாயிருந்தால் மற்றவை தானாக வந்துவிடும் என்று நான் சொல்லவரவில்லை. கல்லூரி நாட்களில் விசுவாசத்தைக் காத்துக்கொள்ள வேறு சில காரியங்களும் வேண்டும்.

முதலாவது, ஆழமான ஓர் இடம். 1965-ஆம் ஆண்டு எங்கள் சாம்பியன் ரீப் சுரங்கத்தில், 2 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்தாரும், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் கருவிகளை வைத்து, வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோ என்னும் நுண்துகளின் தடத்தைக் கண்டுபிடித்தார்கள். வானத்திலிருந்து வருவதைப் பார்க்கப் பூமியின் ஆழத்துக்கு ஏன் போகவேண்டும்? மேலே இருக்கும்போது வேறு கதிர்களின் இரைச்சல் அதிகம். தலைக்குமேல் அவ்வளவு பாறை இருக்கும்போது மற்றவை தடுக்கப்படுகின்றன. நியூட்ரினோ மட்டும் கடந்து வருகிறது. விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகளுக்கு இதை நான் அடிக்கடி சொல்லுவதுண்டு. நீங்கள் கல்லூரிக்கும் ரயிலுக்கும் செல்போனுக்கும் நடுவே, எல்லாம் தடுக்கப்படும் ஓர் அறைவீட்டைத் தேடிக்கொள்ளுங்கள் (மத்தேயு 6:6). லைன் வீட்டில் தனியறை ஏது என்பீர்கள். ரயில் நிலையத்துக்கு நடந்துபோகும் அந்த இருட்டு வழி போதும். எங்கள் பிள்ளைகளில் பலர் அங்கேதான் ஜெபிக்கிறார்கள்.

இரண்டாவது, தோழமை. தானியேல் தனியாக இல்லை. மூன்று தோழர் இருந்தார்கள். இந்தியாவில் 1912 முதல் மாணவர் கிறிஸ்தவ இயக்கமும், 1954 முதல் யூ.இ.எஸ்.ஐ. என்னும் மாணவர் ஐக்கியமும் கல்லூரிகளில் இருந்துவருகின்றன. உங்கள் கல்லூரியில் ஒரு ஜெபக்குழு இருந்தால் சேருங்கள். இல்லாவிட்டால் இரண்டு பேராகத் தொடங்குங்கள்.

மூன்றாவது, மரியாதையான உறுதி. ஆயுதபூஜை நாளில் ஆய்வுக்கூடத்துக்குக் குங்குமம் இடும்போது, பரிகாசமாகப் பேசவேண்டாம், முகத்தைச் சுளிக்கவேண்டாம். எங்கள் தகப்பன்மார் சுரங்கத்திலும் இதைச் சந்தித்தவர்கள்தான். ஆசிரியரிடம் முன்னதாகவே போய், "ஐயா, கூட்டிப் பெருக்கி, நாற்காலி போட்டு உதவுகிறேன், பூஜையில் மட்டும் சேரமாட்டேன்" என்று பணிவாகச் சொல்லுங்கள். தானியேலின் முறை அதுவே.

நான்காவது, நன்றாகப் படியுங்கள். ஜெபக்கூட்டத்தைக் காரணம் காட்டிப் பாடத்தில் தோற்பது சாட்சி அல்ல. ராஜா விசாரித்தபோது அந்த நான்கு வாலிபரும் மற்றவர்களைவிடப் பத்து மடங்கு சமர்த்தராயிருந்தார்கள் (தானியேல் 1:20).

அன்பான வாலிபரே, இந்தத் தங்கவயலில் 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கும் மேற்பட்ட தங்கம் எடுக்கப்பட்டது. கடைசிக் காலத்தில் ஒரு டன் பாறையை உடைத்தால் சில கிராமே கிடைத்தது. மிச்சமெல்லாம் சயனைடு மண்மேடுகளாக இன்றும் எங்கள் வீடுகளுக்கு எதிரே நிற்கிறது. காற்றடித்தால் கண்ணில் விழுகிறது. அக்கினியினால் சோதிக்கப்படும் பொன்னைப் பார்க்கிலும் உங்கள் விசுவாசம் விலையேறப்பெற்றது என்று பேதுரு எழுதியபோது (1 பேதுரு 1:7), அந்தப் பொன் எவ்வளவு கஷ்டத்தோடு கிடைக்கிறது என்பதை அறிந்தவர்கள் நாம். பெற்றோரே, பிள்ளைகளோடு இதைப் பேசுங்கள். அவர்கள் விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தை நிரப்பும்போது தனியாக உட்கார்ந்திருக்க விடாதேயுங்கள், அருகே உட்காருங்கள். சபையாரே, உங்கள் பெட்டியைத் திறந்து வையுங்கள்.

உண்மையுள்ளவராகிய கர்த்தர்தாமே நம்முடைய பிள்ளைகளை உள்ளும் புறமும் ஒரே பெயருள்ளவர்களாக நிலைநிறுத்தி, அவர்களுடைய கல்வியையும் எதிர்காலத்தையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.